ஆன்லைனில் பழைய போன் வாங்குறீங்களா? இன்சூரன்ஸ் மோசடியில் சிக்காமல் இருக்க இந்த 15 இலக்க எண்ணைப் பாருங்க!

தொலைந்துபோன செல்போன்களை திண்டுக்கல் மாவட்ட போலீசார் மீட்டு, எஸ்.பி. அலுவலகத்தில் உரியவர்களிடம் ஒப்படைக்கும் செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் போன்கள் அதுவரை யார் கையில் இருந்தன? திருடியவரிடம்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்து, விவரம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவரிடமும் இருந்திருக்கலாம். அப்படி வாங்கியவருக்குப் போனும் போச்சு, பணமும் போச்சு.

விற்றவரே 'திருடு போச்சு' என்று புகார் கொடுத்தால்?

இதில் இன்னொரு மோசடியும் இருக்கிறது. இன்சூரன்ஸ் உள்ள போனை ஒருவர் உங்களிடம் விற்று கைக்காசு வாங்கிக்கொள்கிறார். பிறகு அதே போன் திருடு போய்விட்டதாகப் போலீசில் புகார் கொடுத்து, இன்சூரன்ஸ் பணமும் கேட்கிறார். ஒரே போனுக்கு ரெண்டு தடவை காசு!

புகார் நகலை வைத்து அந்தப் போனின் ஐஎம்இஐ எண்ணை முடக்கிவிட்டால், நாட்டில் எந்த நெட்வொர்க் சிம் போட்டாலும் அது வேலை செய்யாது. நஷ்டம் உங்களுக்குத்தான்.

இது சின்ன தப்பு இல்லை. பொய்ப் புகாருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 217-வது பிரிவின்படி ஓராண்டு வரையும், மோசடிக்கு 318(4)-வது பிரிவின்படி 7 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கியவருக்கும் 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை தண்டனை கிடைக்கலாம். 'பில் இல்லை, ஆனா பாதி விலை' என்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான்.

எப்படி செக் பண்ணுவது?

போனில் *#06# டயல் செய்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். 2023 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலும் பார்க்கலாம். முடக்கப்பட்டது, டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் அந்தப் போனை வாங்காதீர்கள்.

டூப்ளிகேட் என்பது சும்மா வரும் எச்சரிக்கை இல்லை. 2020-ல் உத்தரப்பிரதேச மாநிலம் மீரட்டில், ஒரே ஐஎம்இஐ எண்ணில் 13,500-க்கும் மேற்பட்ட போன்கள் ஓடுவதைப் போலீசார் கண்டுபிடித்தனர். இப்போது ஐஎம்இஐ எண்ணைத் திருத்தினால், 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

செக் பண்ணினால் மட்டும் போதுமா?

போதாது. இன்று 'சரி' என்று வரும் எண்ணை, விற்றவர் அடுத்த வாரமே புகார் கொடுத்து முடக்க வைக்கலாம். அதனால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலோ, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரத்திலோ விற்பவரை நேரில் பார்த்து வாங்கும்போது இவற்றை மறக்காதீர்கள்:

• ஒரிஜினல் பில் வாங்குங்கள். பில், பெட்டி, போன் மூன்றிலும் ஐஎம்இஐ எண் ஒன்றாக இருக்க வேண்டும்.
• "பில் தொலைஞ்சு போச்சுண்ணே, பெட்டி மட்டும்தான் இருக்கு" என்றால் விட்டுவிடுங்கள்.
• விற்பவரின் அடையாள அட்டை நகலும், ஐஎம்இஐ எண்ணைக் குறிப்பிட்டு 'விற்றுவிட்டேன்' என்று கையெழுத்திட்ட ஒரு தாளும் வாங்குங்கள்.
• ரொக்கம் வேண்டாம். விற்பவர் பெயரில் உள்ள கணக்குக்கே யுபிஐ மூலம் பணம் அனுப்புங்கள். போனைப் பார்க்காமல் அட்வான்ஸ் போடாதீர்கள்.
• பழைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண் முன்னே நீக்கச் சொல்லுங்கள்.

பின்னாளில் போலீஸ் விசாரணை வந்தால், உங்களுக்குக் கைகொடுக்கப்போவது இந்த ஆதாரங்கள்தான்.

உங்கள் போன் திருடு போனால்...

முதலில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். ஐஎம்இஐ எண்ணை முடக்க ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். பிறகு போலீஸ் புகார் நகலுடன் சஞ்சார் சாத்தியில் விண்ணப்பிக்கலாம்.

இன்சூரன்ஸ் கிளைமுக்கு இன்னொன்று முக்கியம். பல பாலிசிகளில் 'திருட்டு'க்குத்தான் பணம் உண்டு. 'தொலைந்துவிட்டது' என்றால் கிடையாது. எனவே நடந்ததை அப்படியே, தெளிவாக எழுதுங்கள். சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தால் எஃப்ஐஆர் கேளுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

போன் வாங்கும்போது கூடவே தலையில் கட்டும் 'புரொடெக்‌ஷன் பிளான்' எல்லாம் இன்சூரன்ஸ் இல்லை. சில வெறும் சர்வீஸ் ஒப்பந்தம்தான். ரசீதில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கிளைமை மறுக்கும்போது சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான்.

"கிளைம் ரெடி, பிராசஸிங் கட்டணம் மட்டும் அனுப்புங்க" என்று போன் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

எங்கே புகார் கொடுப்பது?

• பணத்தை ஏமாந்தால்: உடனே 1930. மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் புகார் தரலாம்.
• ஆன்லைன் நிறுவனம் ஏமாற்றினால்: முதலில் அதன் குறைதீர் அதிகாரியிடம். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
• இன்சூரன்ஸ் புகார்: 155255.

நிறுவனம் பெங்களூரிலோ மும்பையிலோ இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது; 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் விற்றவர் வியாபாரி இல்லாத தனிநபர் என்றால் இந்த வழி உதவாது, போலீசுக்குத்தான் போக வேண்டும். அதனால், பணம் கொடுப்பதற்கு முன்பே 14422-க்கு ஒரு எஸ்எம்எஸ் தட்டிவிடுங்கள்.