மேலாய்வின் தலைமை யாரிடம்? பாறசாலை எல்லையிலிருந்து ஒரு வாதம்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தபிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போய்வருவதும் நிற்கவில்லை. காவல் நிலையமும் தீயணைப்பு நிலையமும்தான் கோட்டோடு நின்றுவிட்டன. இவ்விரு துறைகளின் வேலைத்திறனை வெளியிலிருந்து அளந்து ஊருக்குச் சொல்லும் மேலாய்வு அமைப்பு இரு பக்கமும் இல்லை. அதற்கு மிக அருகில் வரும் அமைப்பின் தலைமையோ, அளக்கப்பட வேண்டியவரின் கையிலேயே இருக்கிறது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல் இதுதான்.

காவல்துறை மீதான ஐயம் இங்கே புதிதல்ல. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் திருவிதாங்கூர் அரசுப் படை சுட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்ப் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆனால் மேலாய்வுக்கான காரணத்தை அண்மைக்கால நிகழ்வு ஒன்றே தெளிவாகக் காட்டுகிறது.

2018 நவம்பர் 5 இரவு, நெய்யாற்றின்கரை கொடங்காவிளையில் வண்டி நிறுத்துவது பற்றிய வாய்த்தகராறில், அப்பகுதியின் டிவைஎஸ்பி ஓர் இளைஞரைப் பிடித்துத் தள்ளினார் என்றும், வந்துகொண்டிருந்த கார் மோதி அவர் இறந்தார் என்றும் வழக்குப் பதிவானது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கத் தாமதித்ததற்காகக் காவலர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஒரு வாரம் கழித்து அந்த அதிகாரி பிணமாகக் கிடந்தார். வழக்கு அவரளவில் முடிந்தது. அவரைப் பற்றித் துறையின் உளவுப் பிரிவு முன்பே எச்சரித்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அது உண்மையானால், தகவல் துறைக்குள் இருந்தும் அதைப் படித்துக் கேள்வி கேட்க வெளியாள் எவரும் இல்லை என்றாகிறது. புகார் விசாரணை, தவறு நடந்தபின் வருவது. அந்த நிலையம் எப்படி நடக்கிறது, அடிபட்டவரை எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது என்று பிணம் விழுமுன்பே கேட்பது மேலாய்வு. நம் சட்டங்கள் முன்னதைப் பேசும் அளவுக்குப் பின்னதைப் பேசுவதில்லை.

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கும் வழி சொன்னது. புகாருக்குப் புகார் ஆணையங்கள். காவல்துறையின் செயல்பாட்டை மதிப்பிட்டுச் சட்டமன்றத்தின் முன் ஆண்டறிக்கை வைக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம். கேரளம் 2011 காவல் சட்டத்தில் இரண்டையும் சேர்த்தது. ஆனால் மாவட்டப் புகார் ஆணையத்தில், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் பக்கத்து நாற்காலியில் மாவட்டக் காவல் தலைவரே உறுப்பினராக உட்காருகிறார். செயல்பாட்டை மதிப்பிட வேண்டிய பாதுகாப்பு ஆணையத்துக்கு உள்துறை அமைச்சர் தலைவர். தமிழ்நாடு ஒருபடி மேலே போயிற்று: 2013 சட்டப்படி மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், மாவட்டத்தில் கலெக்டர். நீதிபதி என்ற பெயரே அதில் இல்லை.

வேறு வழியும் உண்டு. இங்கிலாந்தில் 1856 சட்டம், காவல்துறையை வெளியிலிருந்து மேலாய்வு செய்யும் ஆய்வாளர்களை உருவாக்கியபோது அவர்கள் கையில் ஒரு கடிவாளமும் கொடுத்தது. 'திறமையான படை' என்று அவர்கள் சான்று தந்தால்தான் சம்பளம், சீருடைச் செலவில் கால்பங்கை நடுவண் அரசு தரும். 2012இல் காவல் பின்னணியே இல்லாத வழக்கறிஞர் டாம் வின்சர் அந்த ஆய்வு அமைப்பின் தலைமை ஆய்வாளரானபோது போலீஸ்காரர்களிடையே கடும் முணுமுணுப்பு எழுந்தது. 2017இல் தீயணைப்புத் துறையும் அதே அமைப்பின் கீழ் வந்தது. அந்த அமைப்பு யாருக்கும் ஆணையிட முடியாது. அறிக்கை வெளியிடும், உரிய அதிகாரி 56 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். 2022இல் லண்டன் பெருநகரக் காவல்துறையையே அது தீவிரக் கண்காணிப்பில் வைத்தது.

காக்கி போடாதவருக்குக் காவல் வேலை என்ன புரியும் என்பார்கள். அதற்குப் பதில் கேரளத்திலேயே உண்டு. 2020 பிப்ரவரியில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப்படை முகாமில் 25 துப்பாக்கிகளும் 12,061 தோட்டாக்களும் குறைவதாகச் சொன்னது. துப்பாக்கிகள் கணக்கில் உள்ளன என்று காவல்துறை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். எண்ணிப் பார்த்துக் கேட்டவர் வெளியாள் என்பதால்தான் துறை பொதுவில் வாய் திறக்க நேர்ந்தது. அனுபவசாலிகள் ஆய்வுக் குழுவில் இருக்கட்டும், தலைமையில் வேண்டாம்.

எல்லைக் கிராமங்களில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. 2022இல் பாறசாலை மாணவர் ஒருவருக்கு நஞ்சூட்டப்பட்ட வீடு தமிழ்நாட்டில், பளுகல் காவல் எல்லையில். அவர் இறந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில். தொடக்க நாட்களில் தாமதம் நேர்ந்தது என்று குடும்பத்தார் குற்றம்சாட்டினர். பிறகு கேரளக் குற்றப்பிரிவு விசாரித்து, 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் தண்டனை விதித்தது. எங்கே விசாரிப்பது என்பதற்குச் சட்டத்தில் விடை உண்டு. அந்த முதல் நாட்களில் இரு பக்கத்து நிலையங்களும் எப்படிப் பேசிக்கொண்டன என்று பார்ப்பது எந்த நீதிமன்றத்தின் வேலையும் அல்ல.

தீயணைப்பிலோ கேட்பாரே இல்லை. 2023 ஜூலையில் விழிஞ்ஞம் முக்கோலையில் மண் சரிந்து கிணற்றுக்குள் சிக்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளியின் உடலை எடுக்க இரண்டு நாளுக்கு மேலாயிற்று. உழைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆழ்கிணற்று மீட்புக்கு என்ன கருவி வேண்டும், அது எந்த நிலையத்தில் இருக்கிறது என்று அடுத்த விபத்துக்கு முன் எழுதிவைக்கும் கடமை யாருக்கும் இல்லை என்பதே குறை. இஞ்சிவிளையிலிருந்து 112 அடித்தால் எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறை எடுக்கிறது? பாறசாலை வண்டி வெளியே போயிருந்தால் எல்லைக்கு அப்பாலுள்ள குழித்துறை வண்டியைக் கூப்பிடுவது யார்?

காவல் மாநிலப் பட்டியலில் இருப்பதால் டெல்லியிலிருந்து ஓர் ஆய்வாளரை அனுப்ப முடியாது; அனுப்பவும் கூடாது. ஆனால் வேறொரு வழி இருக்கிறது. இந்த எல்லையை வரைந்த 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டமே தென்மண்டலக் கவுன்சிலையும் தந்தது. எல்லைத் தகராறுகளும் மொழிச் சிறுபான்மையினர் நலனும் அதன் பொருள்களில் அடங்கும். இரு மாநிலங்களும் அங்கே உடன்பட்டு, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் இருவரும் பரிந்துரைக்கும் ஒருவரை மேலாய்வாளராக, நீட்டிக்க முடியாத ஐந்தாண்டுப் பதவியில் அமர்த்தலாம். அவரது அறிக்கை அமைச்சர் மேசைக்குப் போகாமல் நேராக இரு சட்டமன்றங்களுக்கும் போக வேண்டும், தமிழிலும் மலையாளத்திலும். முதல் ஆய்வைப் பாறசாலை, பளுகல், களியக்காவிளைக் காவல் நிலையங்களிலும், பாறசாலை, குழித்துறைத் தீயணைப்பு நிலையங்களிலும் ஒரே வாரத்தில் நடத்தலாம்.