கர்நாடகம், விதர்பா: ஒரே தடத்தில் சென்ற இருவர்

இந்தியக் கிரிக்கெட்டில் யார் எந்த அணிக்கு ஆடுவது என்பதைத் தொடக்கத்தில் ஊர்தான் தீர்மானித்தது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னையும் மைசூரும் மோதின. மைசூர் 48, 59 ரன்களுக்குச் சுருண்டது. சென்னைக்கு 130 ரன்னே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ராம்சிங் பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை; ஆனாலும் வாழ்ந்தது சென்னையில் என்பதால் அவர் சென்னைக்காரர். மைசூர் அணியிலும் இதே கணக்குத்தான். மைசூரில் பிறந்த பி. எஸ். சந்திரசேகரும், அங்கே பொறியியல் படித்த பிரசன்னாவும், அடுத்த தலைமுறையில் அதே ஊரில் பொறியியல் படித்த ஜவகல் ஸ்ரீநாத்தும் உள்நாட்டுக் கிரிக்கெட்டில் வேறு மாநிலத்துக்குப் போகவில்லை. 1973-இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியபோது அணியின் பெயரும் மாறியது, ஆட்டக்காரர்கள் மாறவில்லை.

ஊர் விட்டு ஊர் போனவர்கள் அன்றும் உண்டு. அவர்களை அழைத்தது வேலை. இந்தூரின் ஹோல்கர் அரசர் சி. கே. நாயுடுவுக்குப் படையில் பதவி கொடுத்து வைத்துக்கொண்டார். அரசர்கள் போன பிறகு ரயில்வே அந்த இடத்துக்கு வந்தது. முல்கியில் பிறந்த புதி குந்தேரன் ரயில்வேக்கும் ஆடினார், மைசூருக்கும் ஆடினார். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்ததால்தான் அணியிலும் பெயர் இருந்தது. இந்த இரண்டு காலங்களையும் அறிந்தால்தான் மூன்றாவது காலத்தின் புதுமை புலப்படும். அதில் வேலை மாறாமலேயே, சொந்த மாநிலச் சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு, ஆட்டத்துக்காக மட்டும் ஒருவர் இன்னொரு மாநிலத்துக்குப் போகலாம். ஒவ்வொரு மாநிலமும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இப்படி வெளியாட்களைச் சேர்த்துக்கொள்ள இந்தியக் கிரிக்கெட் வாரியம் இடம் கொடுத்தது.

இந்த மூன்றாவது காலத்தை ஆராய மைசூரு மானசகங்கோத்ரி வளாகத்தின் கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 2010 ஜனவரி 11 முதல் 14 வரை அங்கே கர்நாடகத்துக்கும் மும்பைக்கும் ரஞ்சி இறுதி ஆட்டம் நடந்தது. கர்நாடகம் வெல்ல 338 ரன் வேண்டும். மணீஷ் பாண்டேயும் கணேஷ் சதீஷும் சேர்ந்து 209 ரன் குவித்தார்கள். பாண்டே 144, சதீஷ் 75. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று மைதானமே நம்பிய வேளையில் மும்பையின் அஜித் அகர்கர் ஆட்டத்தைத் திருப்பிவிட்டார். கர்நாடகம் 331-இல் ஆட்டமிழந்தது. தோல்வி 6 ரன்னில்.

அன்று எதிரெதிரே நின்றவர்கள் பின்னால் எங்கே போனார்கள் என்று தேடினால்தான் வரலாறு தெரிகிறது. கர்நாடகத் தலைவர் ராபின் உத்தப்பா சௌராஷ்டிரத்துக்கும் பிறகு கேரளத்துக்கும் சென்றார். வினய் குமார் 2019-20-இல் புதுச்சேரிக்குச் சென்றார். ஒன்பது புதிய அணிகள் ரஞ்சிக்குள் வந்ததற்கு அடுத்த பருவம் அது. கணேஷ் சதீஷ் விதர்பாவுக்குப் போனார். மும்பைத் தலைவராக இருந்த வசீம் ஜாபரும் அதே விதர்பாவுக்கு வந்து சேர்ந்தார். மைசூரில் எதிரிகள், நாக்பூரில் ஒரே அறைத் தோழர்கள்.

விதர்பா 1957-58-இல் ரஞ்சிக்குள் வந்த அணி. அறுபது ஆண்டு ஆடியும் இறுதி ஆட்டத்தை எட்டாத அணி. 2017 டிசம்பரில் கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடந்த அரையிறுதியில் அது கர்நாடகத்தைச் சந்தித்தது. முதல் இன்னிங்ஸில் கர்நாடகத்தின் கருண் நாயர் 153 ரன் எடுத்தார். விதர்பாவின் இரண்டாவது இன்னிங்ஸில் சதீஷ் 81 ரன் எடுத்தார், தான் வளர்ந்த அணிக்கு எதிராக. 198 ரன் இலக்கைத் துரத்திய கர்நாடகம் 192-க்கு வீழ்ந்தது. ரஜ்னீஷ் குர்பானி ஆட்டத்தில் 12 விக்கெட். கர்நாடகச் சட்டையோடு 6 ரன்னில் கோப்பையை இழந்த சதீஷ், எட்டாண்டு கழித்து கர்நாடகத்தை 5 ரன்னில் வென்ற அணியில் இருந்தார். விதர்பா அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கோப்பையை வென்றது.

இப்படி அணி மாறுவதைத் துரோகம் என்று பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் நியாயம் இல்லை. கர்நாடகம் 2013-14, 2014-15 என்று அடுத்தடுத்துக் கோப்பை வென்ற அணி. இடத்துக்குப் போட்டி கடுமை. விதர்பாவிடம் துடிப்பான பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். பெரிய ஆட்டங்களைப் பார்த்த மட்டையாளர்கள் தேவைப்பட்டார்கள். இங்கே மிச்சமானது அங்கே விதையாயிற்று. ரஞ்சிக் கோப்பை நாலைந்து பெருநகரங்களின் சொத்தாக இல்லாமல் நாடெங்கும் பரவியதில் இந்த இடப்பெயர்வுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் முடிபு.

ஐ.பி.எல். ஏலத்தால் நடக்கும் மாற்றம் வேறு வகை. 2022 ஏப்ரல் 12 அன்று நவி மும்பையில் சென்னை சூப்பர் கிங்ஸும் பெங்களூரு ராயல் சேலஞ்சர்ஸும் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். சென்னைக்காக உத்தப்பா 88, சிவம் துபே ஆட்டமிழக்காமல் 95. மூன்றாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தது 165 ரன். இருவரும் முன்பு பெங்களூருக்கு ஆடியவர்கள். எதிரே பெங்களூருத் தலைவராக நின்ற டூ பிளெசி, அதற்கு முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் 86 ரன் அடித்துச் சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். முரளிதரன், வாட்சன், மோயீன் அலி, கேதார் ஜாதவ், ஹேசல்வுட் என்று இவ்விரு அணிச் சட்டையையும் போட்டவர்களின் வரிசை நீளம். அமெரிக்கக் கால்பந்தில் 1993-இல் ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வந்தபின் இத்தகைய வரிசைகள் பெருகின. ஆனால் அங்கே போவது ஆட்டக்காரரின் தேர்வு. ஐ.பி.எல். ஏலத்தில் ஆட்டக்காரருக்கு வாய் இல்லை. இந்த வேறுபாட்டை நம் ரசிகர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

மாநில அணிகளின் கதையில் தேர்வு ஆட்டக்காரர் கையில் இருந்தது. அதற்குக் கருண் நாயரே சான்று. 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 அடித்தவருக்கு 2022-இல் கர்நாடக அணியிலேயே இடமில்லை. 2023-24-இல் அவர் சதீஷ் போன தடத்தில் விதர்பாவுக்குப் போனார். தமிழ்நாட்டுக்கு அவரை இரண்டு சட்டையிலும் தெரியும். 2014-15 இறுதி ஆட்டத்தில் மும்பை வான்கடேயில் கர்நாடகத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு எதிராக அவர் எடுத்தது 328. பத்தாண்டு கழித்து நாக்பூர் காலிறுதியில் விதர்பாவுக்காக 122 அடித்தார். தமிழ்நாடு 198 ரன்னில் தோற்றது. அதே பருவத்தின் இறுதி ஆட்டத்தில் கேரளத்துக்கு எதிராக 86, 135. விதர்பாவுக்கு மூன்றாவது கோப்பை கிடைத்தது. இடையே மைசூருடனும் அவருக்கு உறவு விட்டுப்போகவில்லை. மகாராஜா கோப்பை டி20 போட்டியில் மைசூரு வாரியர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி 2024-இல் கோப்பையை வென்றார். 2025-இல் இந்திய டெஸ்ட் அணிக்குத் திரும்பினார். 2025-26 ரஞ்சிப் பருவத்தில் மறுபடி கர்நாடகச் சட்டை போட்டு, கேரளத்துக்கு எதிராகவே 233 ரன் எடுத்தார்.