தலைப்பாகையும் சீருடைத் தொப்பியும்: பிரிட்டனில் சீக்கியர் உரிமை வேண்டிய வரலாறு

சீக்கியரின் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங் 1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் அனந்த்பூரில் கால்சா என்னும் தீட்சை பெற்றோர் சமூகத்தை நிறுவினார் என்பதும், அச்சமூகத்தார் தம் உடலோடு ஐந்து அடையாளங்களைப் பிரியாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் சீக்கிய மரபு போற்றிக் காத்துவரும் செய்திகளாகும். வெட்டப்படாத முடியாகிய கேஷ், அம்முடியைச் சீராக்கும் மரச்சீப்பாகிய கங்கா, மணிக்கட்டில் அணியும் இரும்புக் காப்பாகிய கரா, கச்சேரா எனப்படும் அரைக்காற்சட்டை, கிர்பான் எனப்படும் குறுவாள் ஆகிய இவ்வைந்தும் பஞ்சாபி மொழியில் ககர எழுத்தில் தொடங்குவதால், அவை ஐந்து ககரங்கள் என வழங்கப்படுகின்றன. தலைப்பாகை இவ்வைந்தில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. ஆயினும், வளர்ந்த முடியை மூடிக் காப்பது அதுவே என்பதாலும், 1945இல், சீக்கிய வழிபாட்டிடங்களாகிய குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு ஏற்ற நடத்தை விதித்தொகுப்பு ஆண்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருப்பதாலும், சீக்கியரைப் பொறுத்தவரை தலைப்பாகையை நீக்குவதும் நெறியைக் கைவிடுவதும் வேறுவேறல்ல. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனின் பேருந்துப் பணிமனைகளிலும் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் எழுந்த வழக்குகள் இந்தப் பிணைப்பை அந்நாட்டுச் சட்டம் எவ்வாறு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது என்பதன் பதிவுகளாகும்.

அவ்வரலாற்றுக்குள் புகுமுன், பிரிட்டிஷ் அரசுக்குத் தலைப்பாகை புதிய பொருளன்று என்பதை நினைவிற்கொள்வது இன்றியமையாதது. 1846இல், முதலாம் ஆங்கில-சீக்கியப் போர் முடிந்த கையோடு, பெரோஸ்பூரிலும் லூதியானாவிலும் சீக்கியப் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து வளர்ந்த காலனியப் படை, சீக்கிய வீரர்கள் கால்சா தீட்சை பெற்றவர்களாகவும் முடி வெட்டாதவர்களாகவும் இருக்க வேண்டுமென வற்புறுத்தியது. சமய ஒழுக்கம் குலையாத வீரனே போர்க்களத்திலும் குலையாமல் நிற்பான் என்று அதன் அதிகாரிகள் கருதினர். முதலாம் உலகப் போரில் பிரான்சின் பதுங்குகுழிகளில் தலைப்பாகையோடு போரிட்டுக் காயமுற்ற சீக்கியர் தென் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், அரச மாளிகையையே மாற்றி அமைத்த மருத்துவமனையில் கிடத்தப்பட்டனர். அங்கு இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் நகருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டனர். சத்ரி என்னும் வெண்பளிங்கு நினைவு மண்டபம் 1921இல் அவ்விடத்தில் திறக்கப்பட்டது. போருக்கு அழைத்தபோது தலைப்பாகையைக் கட்டாயமாக்கிய அதே அரசின் ஆட்சிப் பரப்பில், அரை நூற்றாண்டுக்குள், பேருந்தில் பயணச்சீட்டுக் கிழிக்கும் வேலைக்கு அது தடையாகக் காட்டப்பட்டது. சீக்கியர் இம்முரணை ஒருபோதும் மறக்கவில்லை. அவர்களுடைய மனுக்களிலும் மேடைப் பேச்சுகளிலும் போர் நினைவு திரும்பத் திரும்ப எழுந்ததன் காரணம் இதுவே.

கிர்பானின் கதை இந்திய மண்ணிலேயே தொடங்கியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்ததால், சமய நெறியாகக் குறுவாள் அணிந்த சீக்கியர் குற்றவாளிகளாக நடத்தப்படும் நிலை உண்டாயிற்று. சீக்கிய அமைப்புகளின் முறையீட்டுக்குப் பின்னர் 1914இல் பஞ்சாபிலும், 1917இல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் கிர்பானுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. உலகப் போருக்குச் சீக்கிய வீரர்கள் பெருமளவில் தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. விலக்குக் கிடைத்த பின்னரும் குருத்வாராக்களை மீட்கும் இயக்கம் நடந்த 1920களில், வாளின் நீளத்தைக் காரணம் காட்டிக் கைதுகள் தொடர்ந்தன. இந்த அனுபவத்தின் நீட்சியாகவே இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு, கிர்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய சமயத்தைக் கடைப்பிடிப்பதன் பகுதி எனத் தன் முதல் விளக்கத்திலேயே கூறுகிறது. ஒரு சமயத்தாரின் குறிப்பிட்ட பொருளொன்றைப் பெயர் சொல்லிக் காக்கும் அரசியலமைப்பு வாசகங்கள் உலகில் அரிது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனுக்குக் குடியேறிய சீக்கியருள் பெரும்பாலோர் பஞ்சாபின் ஜலந்தர் வட்டாரத்தைச் சேர்ந்த உழவர் குடும்பத்தினர். வார்ப்பாலைகளிலும் ரப்பர்த் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி வந்த இவர்களுள் பலர், தலைப்பாகையோடும் தாடியோடும் சென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதைக் கண்டு, கப்பலிலிருந்தோ விமானத்திலிருந்தோ இறங்கிய சில நாட்களில் முடியை வெட்டிக்கொண்டனர். குருவின் ஆணையாகப் பிறந்தது முதல் வளர்த்த முடியைக் கூலிக்காக இழக்க நேர்ந்த அந்த இழப்பை எந்த அரசு ஆவணமும் கணக்கிட்டதில்லை. ஆனால், பின்னர் நடந்த போராட்டங்களின் வேகத்துக்கு அதுவே அடிமூலம். மனைவி மக்கள் வந்து சேர்ந்து, குருத்வாராக்கள் பெருகி, 1967இன் தொடக்கத்தில் குரு கோவிந்த் சிங்கின் முந்நூறாவது பிறந்த ஆண்டு கொண்டாடப்பட்ட காலத்தில், முடி வெட்டியிருந்த பலர் மீண்டும் அதை வளர்க்கலாயினர். வேலை கிடைத்தபின் நெறிக்குத் திரும்பிய இவர்களை வேலை கொடுத்தோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே அடுத்து எழுந்த கேள்வி.

முதல் பெரும் சோதனை மான்செஸ்டர் நகரில் நிகழ்ந்தது. 1959இல் ஞானி சுந்தர் சிங் சாகர் என்பவர் மாநகராட்சியின் பேருந்துப் பணிக்கு விண்ணப்பித்தபோது, சீருடைத் தொப்பி அணிய வேண்டும் என்ற விதியைக் காட்டி அவர் மறுக்கப்பட்டார். சீருடையின் நீல நிறத்திலேயே தலைப்பாகை கட்டி, அதன்மேல் பணிச் சின்னத்தைக் குத்திக்கொள்வதாக அவர் முன்வந்தும் பயனில்லாமல் போயிற்று. ஏழு ஆண்டுகள் கடிதங்களாலும் மனுக்களாலும் அவர் வாதாடிய பின்னர் 1966இல் மாநகராட்சி தன் விதியைத் தளர்த்தியது. அதற்குள் அவர் பணியில் சேரும் வயது வரம்பைக் கடந்திருந்தார். தமக்குக் கிட்டாத வேலையைப் பிறருக்குப் பெற்றுத் தந்த அவருடைய பெயர், பிரிட்டன் சீக்கியரின் வரலாற்றில் இன்னும் பெரிய எழுத்துகளில் எழுதப்பட வேண்டியது.

மான்செஸ்டரில் முடிந்தது வால்வர்ஹாம்ப்டனில் இன்னும் கடுமையாகத் தொடர்ந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்த இத்தொழில் நகரின் பேருந்துகளை ஓட்டியோரில் கணிசமானோர் பஞ்சாபிலிருந்து வந்தவர்களாக இருந்தும், ஊழியர் முகத்தை மழித்துத் தொப்பி அணிந்தே வர வேண்டும் என்பதில் நகரப் போக்குவரத்துக் குழு பிடிவாதமாக இருந்தது. 1967 ஆகஸ்டில், உடல்நலம் குன்றி விடுப்பில் இருந்த தர்சேம் சிங் சந்து என்னும் ஓட்டுநர் தாடியோடும் தலைப்பாகையோடும் பணிக்குத் திரும்பியபோது, மழித்துக்கொண்டு வரும்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தொழிற்சங்கம் துணைக்கு வரவில்லை. அவருக்காக எழுந்த குரல் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நடந்த ஊர்வலமாகவும், தில்லியில் பிரிட்டிஷ் தூதரகத்தின் முன் கூடிய எதிர்ப்பாகவும் வளர்ந்தது.

பூசலின் நடுவே, அந்நகரின் தென்மேற்குத் தொகுதியைக் காமன்ஸ் சபையில் பிரதிநிதித்துவம் செய்த கன்சர்வேடிவ் கட்சியின் ஈனக் பவல் 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில், குடியேற்றத்துக்கு எதிராக இரத்த ஆறு ஓடுமென்று அச்சுறுத்தும் உரையை நிகழ்த்தினார். அவ்வுரையில் அவர் எடுத்துக்காட்டாகச் சுட்டிய செய்திகளுள் சீக்கியரின் தலைப்பாகைக் கோரிக்கையும் ஒன்று. ஒரு சமூகத்தார் தமக்கெனத் தனி உரிமை கேட்பது நாட்டைத் துண்டாக்கும் என்பது அவர் வாதம். இவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது. சந்து கேட்டது மற்ற ஓட்டுநர்களுக்கு இல்லாத ஊதியத்தையோ ஓய்வையோ அன்று. மற்றவர் தம் மனச்சான்றை வீட்டில் விட்டுவராமலே வேலைக்கு வந்ததுபோல் தாமும் வர வேண்டும் என்பதே. தொப்பி என்பது பெரும்பான்மையினரின் வழக்கத்தை ஒட்டி வகுக்கப்பட்ட உடைவிதி. அது எல்லார்க்கும் பொதுவானதாகத் தோன்றியதற்குக் காரணம், அதனால் இழப்பு எதுவும் நேராதவரே அதனை வகுத்தனர் என்பதாகும்.

1969இன் தொடக்கத்தில் பிரிட்டனில் அகாலி தளம் என்னும் சீக்கிய அமைப்பின் தலைவரான சோகன் சிங் ஜோலி, அவ்வாண்டு வைசாகி நாளான ஏப்ரல் 13க்குள் தடை நீங்காவிடில் தீக்குளிப்பேன் என அறிவித்தார். உயிரைப் பணயமாக வைக்கும் இம்முறையைச் சீக்கியருள்ளேயே பலர் ஏற்கவில்லை. உரிமை வேண்டுவோர் சாவை முன்வைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர் என்பது அந்நாளைய நகராட்சிக்குப் பெருமை சேர்ப்பதன்று. மைய அரசின் வற்புறுத்தலும் கலவர அச்சமும் சேர்ந்து அழுத்த, அந்நாளுக்கு நான்கு நாட்கள் முன்னதாக, ஏப்ரல் 9 அன்று, போக்குவரத்துக் குழு தடையை விலக்கியது.

அடுத்த மோதல் சாலையில் நிகழ்ந்தது. 1973 ஜூன் 1 முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது பிரிட்டனில் கட்டாயமாயிற்று. தலைப்பாகையின்மேல் தலைக்கவசம் பொருந்தாது. தலைப்பாகையைக் கழற்றச் சீக்கியர் இசையவில்லை. அபராதங்கள் குவிந்தன. 1973க்கும் 1976க்கும் இடையே இருபது முறை தண்டிக்கப்பட்ட ஒரு சீக்கியர் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்தை அணுகியபோது, பாதுகாப்புக்காக இயற்றிய விதி சமய உரிமையை வரையறுப்பது முறையே என்று 1978இல் ஆணையம் அவர் முறையீட்டைத் தள்ளிவிட்டது. பன்னாட்டு மன்றம் மறுத்த இவ்வுரிமையை நாடாளுமன்றம் அதற்கு முன்னரே வழங்கியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சவுத்தால் பகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் சிட்னி பிட்வெல் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1976 நவம்பரில் சட்டமாயிற்று. தலைப்பாகை அணிந்திருக்கும் சீக்கியருக்குத் தலைக்கவச விதி பொருந்தாது என்பதே அச்சிறு சட்டத்தின் சாரம். விபத்தில் தலையில் அடிபடும் இடர் ஓட்டுபவருடையதே என்றும், அதை அறிந்தே அவர் தம் நெறியைத் தேர்கிறார் என்றும் ஆதரித்தோர் வாதிட்டனர். உலகப் போர்களில் எஃகுத் தலைக்கவசமின்றிக் குண்டுகளை எதிர்கொண்ட சீக்கியப் படைகளும் அவ்விவாதத்தில் நினைவுகூரப்பட்டன.

இவ்விரு வெற்றிகளும் ஒவ்வொரு விதியிலிருந்தும் தனித்தனியே பெற்ற விலக்குகளே. பொதுவான பாதுகாப்புக்கு அடித்தளமிட்டது பர்மிங்காம் தனியார் பள்ளி ஒன்றில் 1978இல் எழுந்த வழக்காகும். தலைப்பாகையைக் கழற்றி முடியை வெட்டினாலொழியச் சீக்கியச் சிறுவனைச் சேர்க்க இயலாது எனத் தலைமையாசிரியர் டவல் லீ மறுத்தார். சிறுவனின் தந்தையும் வழக்குரைஞருமான சேவா சிங் மண்ட்லா நீதிமன்றத்தை நாடினார். அப்போதிருந்த 1976ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் நிறம், இனம், தேசியம், இனக்குழுத் தோற்றம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுத்ததே தவிர, சமயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே சீக்கியர் ஒரு சமயத்தினர் மட்டுமா, இனக்குழுவினருமா என்ற வினாவே வழக்கின் உயிர்நிலையாயிற்று. 1982இல் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் இனக்குழுவினர் அல்லர் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பைக் கேட்டுச் சீக்கியர் இலண்டனில் பெருந்திரளாகக் கூடி ஊர்வலம் சென்றனர்.

1983 மார்ச் 24 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை, ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றியது. ஃபிரேசர் பிரபு தம் தீர்ப்பில், நியூசிலாந்தில் யூதரைப் பற்றி எழுந்த ஒரு வழக்கைத் துணைகொண்டு, தன்னைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தி உணரவைக்கும் நீண்ட பொது வரலாறும், குடும்ப, சமூக வழக்கங்கள் அடங்கிய தனிப் பண்பாட்டு மரபும் இருந்தால் ஒரு சமூகம் இனக்குழுவாகும் என அளவுகோல் வகுத்தார். பொது மொழி, இலக்கியம், சமயம், பூர்விகம் முதலியவை அதற்குத் துணைச்சான்றுகள். சட்டம் கூறும் நிபந்தனைக்கு உட்பட இயல்வது என்பதன் பொருளையும் அவர் தெளிவாக்கினார். எந்தச் சீக்கியச் சிறுவனும் உடலளவில் தலைப்பாகையைக் கழற்ற இயலும். ஆனால் தன் குழுவின் மரபுக்கு இசைய அதைச் செய்ய இயலுமா என்பதே கேட்கத்தக்க கேள்வி என்றார். பேருந்துப் பணிமனையில் சந்து சொல்ல முயன்றதைச் சட்டத்தின் மொழி பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கண்டடைந்தது. இத்தீர்ப்பின் குறையும் வெளிப்படையானது: இனக்குழு என்ற வாயிலின் வழியே யூதரும் சீக்கியரும் உள்ளே வந்தனர்; பல நாட்டினரும் பல மொழியினருமான முஸ்லிம்கள் வெளியே நின்றனர். வேலையிடங்களில் சமயப் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும் விதிகள் பிரிட்டனில் 2003இல்தான் நடைமுறைக்கு வந்தன.

பின்வந்த சட்டங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கிய 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், சமயக் காரணத்தை ஏற்கத்தக்க எதிர்வாதமாகச் சேர்த்துக்கொண்டதால் கிர்பான் காக்கப்பட்டது. கட்டுமானத் தளங்களில் தலைக்கவசம் கட்டாயமானபோது, 1989ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களித்தது. கவசம் அணிந்திருந்தாலும் நேர்ந்திருக்கக்கூடிய காயத்துக்கு மட்டுமே இழப்பீடு கேட்கலாம் எனவும் வரையறுத்து, முதலாளியின் அச்சத்தையும் நீக்கியது. பல்லாயிரம் சீக்கியர் கொத்தனாராகவும் தச்சராகவும் உழைத்த நாட்டில் இது பிழைப்பைக் காத்த விதி. ஆனால், ஆலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்தோருக்கு அந்த விலக்கு எட்டவில்லை. 2015இல்தான் அது பெரும்பாலான பணியிடங்களுக்கும் விரிந்தது.

ஐந்து ககரங்களுள் மிக மெல்லியதாகிய இரும்புக் காப்பு நீதிமன்றத்துக்கு வந்தது 2008இல். வேல்ஸ் நாட்டின் அபர்டேர் நகரப் பெண்கள் பள்ளியில் பயின்ற ஒரே சீக்கிய மாணவியான பதினான்கு வயதுச் சிறுமி, நகை அணியக்கூடாது என்ற விதிக்கு எதிராகத் தன் கராவைக் கழற்ற மறுத்தாள். மற்ற மாணவியரிடமிருந்து பிரித்துத் தனியே பாடம் நடத்தப்பட்ட அவள், இறுதியில் பள்ளியினின்று விலக்கப்பட்டாள். பொற்கோயில் சென்று திரும்பிய பின்னர்த் தன் சமயத்தில் உறுதிகொண்ட அவளுக்கு அது நகையன்று எனவும், பள்ளியின் செயல் இனப் பாகுபாடும் சமயப் பாகுபாடும் ஆகும் எனவும் உயர் நீதிமன்ற நீதிபதி சில்பர் அவ்வாண்டு ஜூலை 29 அன்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு துணைகொண்ட முன்னுதாரணங்களுள் ஒன்று, கால் நூற்றாண்டுக்கு முன் தலைப்பாகைச் சிறுவனுக்காகப் பிரபுக்கள் சபை வழங்கியது.