முறைப்பாடு என்னும் தந்திரம்

சிங்களத் தேர்ச்சி இல்லையென்று 1962இல் இலங்கை அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்குச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. வழக்குப் போட்டார். 1956இன் 'சிங்களம் மட்டும்' சட்டமே செல்லாது என்றது கொழும்பு மாவட்ட நீதிமன்றம் (1964). பிறகு உச்ச நீதிமன்றமும், 1969இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் தீர்த்ததெல்லாம் அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காடலாமா என்பதைத்தான். மொழிக் கேள்வி தொங்கலிலேயே நின்றுபோச்சு. 1972 அரசியலமைப்பு அதைப் புதைத்தது.

1987இல் தமிழும் ஆட்சிமொழி. 1991இல் முறைப்பாடு கேட்க அரசகரும மொழிகள் ஆணைக்குழு. ஆனால் முறைப்பாடு என்ற வடிவமே மொழி மறுப்பைத் தனியாள் குறையாக்கிக் கோப்பில் போடுகிறது. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவள், பொலிஸ் நிலையத்தில் விளங்காத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்திட்டால், அரசு சட்டம் மீறியதை அவளே மனுப்போட்டுச் சொல்லணும். அரசின் கடமையைப் பாதிக்கப்பட்டவள் தலையில் கட்டும் இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே எதிர்க்க வேண்டியிருக்கிறது.