1950: கணிதத் துறையின் வரவு செலவு

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ நீங்கள் குடியிருந்தால், வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் எத்தனை இன்ஜினீயரிங் கல்லூரிகள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இரண்டு கை விரல்கள் போதாது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கணிதத் துறை உண்டு. விளம்பரத்தில் அதன் போட்டோ வராது. முதல் வருடப் பையன்களை மேத்ஸ் பேப்பரில் அரியர் விழாமல் கரையேற்றுவது அவர்கள் வேலை. அத்தோடு சரி.

கல்லூரி ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களில் அந்தத் துறைக்கு நாலு வரி ஒதுக்குவார்கள். இன்னார் ஓய்வு பெற்றார். இன்னார் புதிதாகச் சேர்ந்தார். இன்ன மாணவி ரேங்க் வாங்கினார். யார் படிக்கிறார்கள் அதையெல்லாம் என்கிறீர்களா? நான் படிப்பேன். பி.காம். படித்தவன். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பாக்கி என்ன என்றுதான் புத்தி போகும்.

அப்படி ஒரு வருடக் கணக்கைத்தான் இந்த வாரம் உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன். ஊர் மதராஸ். வருடம் 1950. துறை, கணிதம்.

*

1950 ஜனவரி 26. தேசமே கொடியேற்றிக் குடியரசு கொண்டாடிக்கொண்டிருக்கிறது. அம்பத்தூர், ஆவடிப் பக்கமெல்லாம் அப்போது பெரும்பாலும் ஏரியும் வயலும்தான். அன்றைக்கு மதராஸில் சத்தமில்லாமல் இன்னொரு விசேஷமும் நடந்தது. ராமானுஜன் கணித நிலையம் பிறந்தது. இடம், வேப்பேரி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்ட்ரலைப் பார்த்துப் போகும்போது இடது கைப்பக்கம் வருகிற அதே வேப்பேரிதான்.

ராமானுஜன் கண்ணை மூடியது 1920 ஏப்ரலில். 32 வயது. 'எஃப்.ஏ. பாஸ் பண்ணாதவர்' என்று ஊர் ஓரங்கட்டிய மனிதருக்கு, இறந்து 30 வருடம் கழித்து அவர் ஊரிலேயே, அவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம்.

பணம் போட்டது யார்? சர்க்கார் அல்ல. பல்கலைக்கழகமும் அல்ல. அழகப்பச் செட்டியார். காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர். துணி மில், வியாபாரம் என்று சம்பாதித்ததைப் படிப்புக்கு வாரிக் கொடுத்தவர். கிண்டியில் அவர் பெயரில் இருக்கிற டெக்னாலஜி காலேஜ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரைக்குடியில் மின் வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். அந்தக் காலத்து 15 லட்சம்!

மின் வேதியியலாவது பரவாயில்லை, நாளைக்குத் தொழிற்சாலைக்கு உதவும். கணிதம்? நாலு பேர் உட்கார்ந்து யோசிப்பார்கள். பேப்பரில் எழுதுவார்கள். கிழித்துப் போடுவார்கள். அதற்குச் சம்பளம். ஒரு வியாபாரி அதில் பணம் போட்டார் என்றால், அவர் லாபம் என்று எதைக் கணக்கில் வைத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் இயக்குநராக வந்தவர் டி.விஜயராகவன். 1902-ல் பிறந்தவர். மாணவராக இருக்கும்போதே கேம்பிரிட்ஜ் புகழ் ஹார்டிக்குத் தன் கணக்குகளை அனுப்பியவர். ஆம், ராமானுஜனைக் கண்டெடுத்த அதே ஹார்டிதான். அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியிருந்த சமயம், 1925-ல் விஜயராகவன் அங்கே போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து அலிகாரில் வேலை. அங்கே துறைத் தலைவர் ஆந்த்ரே வெய் என்கிற 24 வயது பிரெஞ்சுக்காரர். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவரென்று பேரெடுத்தவர். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். வெய் வேலையிழந்து அலிகாரை விட்டுப் போக, விஜயராகவனும் அங்கே ஒட்டிக்கொண்டு உட்காரவில்லை. டாக்காவுக்குப் போய்விட்டார்.

அவர் பெயர் சொல்லும் எண்கள் இன்றைக்கும் கணிதப் புத்தகங்களில் இருக்கின்றன. 'பிஸோ விஜயராகவன் எண்கள்'. பயப்படாதீர்கள், ஒரு கால்குலேட்டர் போதும். 5-க்கு வர்க்கமூலம் எடுங்கள். ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டால் வகுங்கள். 1.618 சொச்சம் வரும். அந்தச் சொச்சத்தோடேயே அதை அதனாலேயே பெருக்கிக்கொண்டு போங்கள். பத்துத் தடவை வரும்போது 122.9919. இருபது தடவை வரும்போது 15126.99993. கவனித்தீர்களா? முழு எண்ணாக இல்லை, ஆனால் போகப் போக முழு எண்ணை ஒட்டிக்கொண்டே போகிறது. எல்லா எண்ணும் இப்படிச் செய்யாது. இப்படிச் செய்கிறவற்றில் ஒரு வகையைப் பிடித்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் விஜயராகவன்.

வரவுப் பக்கத்தில் முதல் வரி எழுதியாயிற்று.

*

செலவுப் பக்கம். அதே வருடம், ஆகஸ்ட் 31.

எஸ்.எஸ்.பிள்ளை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-ல் குற்றாலம் பக்கம் வல்லம் கிராமத்தில் பிறந்தவர். பிறந்து ஒரு வருடத்தில் தாய் போனார். பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் தகப்பனாரும் போனார். படிப்பு அதோடு நின்றிருக்க வேண்டும். சாஸ்திரியார் என்கிற ஆசிரியர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்து அந்தப் பையனை மேலே படிக்க வைத்தார். நாகர்கோவிலில் இன்டர்மீடியட், திருவனந்தபுரத்தில் பி.ஏ. அப்புறம் 1927-ல் ஆராய்ச்சி மாணவராக மதராஸ் வந்தார். அவரை உருவாக்கியவர்கள் பிரசிடென்சி கல்லூரி ஆனந்த ராவும், பல்கலைக்கழகத்து வைத்தியநாதசுவாமியும். பிறகு 1929-லிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார்.

அவர் என்ன செய்தார் என்று சுருக்கமாகச் சொல்லட்டுமா? எந்த முழு எண்ணைக் கொடுத்தாலும் நாலே நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். இது பழைய சேதி. 7 என்றால் 4+1+1+1. வர்க்கத்துக்குப் பதில் ஆறாவது அடுக்கு என்றால்? எத்தனை வேண்டும்? 1-க்கு ஆறாவது அடுக்கு 1. 2-க்கு 64. 3-க்கு 729. இப்போது 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 729 பெரிது, உதவாது. 64-ஐப் பத்துத் தடவை போட்டால் 640. மிச்சம் 63. அதற்கு 63 ஒன்றுகள். ஆக மொத்தம் 73. சில்லறை மாற்றுகிற கணக்குதான், மளிகைக் கடை அண்ணாச்சிக்கே புரியும். ஆனால் உலகத்தில் எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படவே படாது என்று நிரூபிக்க வேண்டுமே! எண்களோ முடிவில்லாதவை. ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்க முடியாது. 1940-ல் பிள்ளை அதை நிரூபித்தார். அதற்கும் முன்பே, 1930-களின் நடுவில், இதே புதிரின் பொதுச் சூத்திரத்தைப் பிடிப்பதில் சிகாகோவில் இருந்த டிக்ஸனும் சிதம்பரத்தில் இருந்த பிள்ளையும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள்.

1942-ல் பிள்ளை கல்கத்தா பல்கலைக்கழகம் போனார். 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலிருந்து அழைப்பு. ஐன்ஸ்டைன் இருந்த அதே ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருடம் தங்கலாம். போகிற வழியில் ஹார்வர்டில் நடந்த சர்வதேசக் கணித மாநாட்டையும் பார்க்கலாம். பம்பாயிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவில் இறங்கி மறுபடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஓர் இன்ஜினில் தீ. விமானம் பாலைவனத்தில் விழுந்தது. 55 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

மாநாடு ஆகஸ்ட் 30 அன்றே தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு வயது 49.

*

செலவுப் பக்கத்தில் இதைவிடப் பெரிய தொகை எழுத முடியாது. சரி, அந்த வருடத்து மாணவர் செய்தி என்ன?

நுங்கம்பாக்கம் போவோம். லயோலா கல்லூரி. அங்கே சார்ல்ஸ் ரசீன் என்று ஒரு பாதிரியார். பிரெஞ்சுக்காரர். முதல் உலகப் போரில் காயம்பட்டவர். பாரிஸில் எலி கார்த்தான் என்கிற ஜாம்பவானிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1939-லிருந்து லயோலாவில் வாத்தியார். மதராஸ் ஆனர்ஸ் வகுப்புகளில் அப்போதெல்லாம் கேம்பிரிட்ஜ் பாணி. வித்தை காட்டுகிற மாதிரி கஷ்டமான கணக்குகளைப் போட்டுத் தேர்வில் ரேங்க் வாங்க வேண்டும். ரசீன் அந்தப் பக்கம் இழுக்கவில்லை. பிரான்ஸில் புதிதாக என்ன நடக்கிறது என்று சொல்லி, புதுப் புத்தகங்களைக் கையில் கொடுத்தார்.

1950-ல் அந்தக் கல்லூரியில் 18 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். காஞ்சிபுரத்தில் பிறந்து, செங்கல்பட்டில் வளர்ந்தவன். பெயர் சி.எஸ்.சேஷாத்ரி. அவன் வயதிலேயே வடாற்காட்டுக் கிராமத்திலிருந்து வந்து ரசீனிடம் படித்த இன்னொரு பையன், எம்.எஸ்.நரசிம்மன். 1953-ல் ரசீன் தூண்டுதலில் இருவரும் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களை வாங்கிக்கொண்டவர் கே.சந்திரசேகரன். அவர் யார்? பிள்ளைக்கு வழிகாட்டிய அதே ஆனந்த ராவிடம் பிரசிடென்சியில் படித்தவர்!

1965-ல் 'நரசிம்மன் சேஷாத்ரி தேற்றம்' வெளியானது. உலகக் கணிதத்தில் இன்றுவரை அழிக்க முடியாத பெயர். பின்னாளில் இயற்பியல்காரர்களும் அதைத் தேடி வந்தார்கள். இரண்டு பேரும் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் ஆனார்கள். சேஷாத்ரி 1989-ல் மதராஸில் ஆரம்பித்த சின்னப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதக் கழகம். 2020-ல் சேஷாத்ரியும், 2021-ல் நரசிம்மனும் மறைந்தார்கள்.

1950-ல் யாராவது வருடக் கணக்கு எழுதியிருந்தால் இந்த இரண்டு பேரையும் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் இரண்டு நம்பர்கள். அவ்வளவுதான்.

*

வேப்பேரி நிலையம் என்னாயிற்று என்று கேட்கிறீர்கள்தானே?

1955 ஏப்ரலில் விஜயராகவன் இறந்துபோனார். 52 வயது. மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் எடுத்துவிட்டு 1951-ல் வந்து சேர்ந்திருந்த சி.டி.ராஜகோபால் பொறுப்பேற்றார். நம் கேரளத்துக் கணக்கர்கள் ஐரோப்பாவுக்கு முன்பே 'பை'யின் தொடரைக் கண்டுபிடித்திருந்ததை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் தலையில் விழுந்தது வேறு கணக்கு. செட்டியாரின் உடம்பும் கரைந்தது, கையிருப்பும் கரைந்தது. 1957 ஏப்ரல் 5 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 48 பிறந்திருக்கும்.

ஒரே ஆள் தோளில் நின்ற நிலையம். அந்தத் தோள் சாய்ந்தது. பூட்டுப் போடுவதுதான் பாக்கி.

சிகாகோவில் இருந்த ஒருவர் காதுக்கு இது போயிற்று. எஸ்.சந்திரசேகர். நட்சத்திரங்களைக் கணக்குப் போட்டு 1983-ல் நோபல் வாங்கினாரே, அவர்தான். அவரும் பிரசிடென்சி மாணவர். நேருவிடமே விஷயத்தைக் கொண்டுபோனார். அதன் பிறகு மதராஸ் பல்கலைக்கழகம் 1957-ல் நிலையத்தை ஏற்றுக்கொண்டது. 1967-ல் பல்கலைக்கழகக் கணிதத் துறையும் அதுவும் ஒன்றாகி உயர் ஆய்வு நிலையமாயின. சேப்பாக்கத்தில் இன்றும் ராமானுஜன் பெயரோடு இருக்கிறது.

இப்போது கணக்கை முடிக்கலாமா? செட்டியார் பணம் ஏழே வருடத்தில் தீர்ந்தது. ஆனால் அந்த ஏழு வருடம் இல்லாவிட்டால், காப்பாற்றுவதற்கு ஒரு நிலையமே இருந்திருக்காது. சாஸ்திரியார் தன் சம்பளத்தில் போட்டது எத்தனை ரூபாயோ, பிள்ளையாக வந்தது. ரசீன் கையில் கொடுத்த புத்தகம் தேற்றமாக வந்தது. இந்தக் கணக்கு எதுவும் மார்ச் 31-க்குள் முடிவதில்லை. அதனால்தான் ஆடிட்டர்களுக்குப் பிடிப்பதில்லை.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வாசகர்களுக்குக் கடைசியாக ஒரு கேள்வி. உங்களைச் சுற்றி இருக்கிற கல்லூரிகளில் பெரும்பாலானவை ஒரு தனி மனிதர் அல்லது ஒரு குடும்பத்து அறக்கட்டளையை நம்பி நிற்பவை. அட்மிஷன் குறைந்தால் முதலில் கத்தி விழுவது சேர ஆளில்லாத பாடங்களின் மேல்தான். அங்கேயும் ஒரு மூலையில் ஒரு வாத்தியார், சிலபஸில் இல்லாத ஒரு புத்தகத்தை ஒரு பெண்ணின் கையில் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தத் துறையை மூடப் போகிறார்கள் என்று சேதி வந்தால், எங்கோ இருக்கிற பழைய மாணவர் ஒருவராவது யாரிடமாவது போய்ப் பேசுவாரா?

அந்தப் பழைய மாணவர் நீங்களாகக்கூட இருக்கலாம்.