திருத்தப்பட்ட குறைகளும் சேகரிப்பாளரின் மதிப்பீடும்: ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரிப்போரின் தேடலில் ஒரு விந்தையைக் காண்கிறோம். தயாரித்த நிறுவனமே குறையென்று கண்டு மாற்றிய அம்சங்கள்தாம் அவர்களுக்கு அசலின் அடையாளங்கள். இங்கிலாந்தின் ஜாகுவார் இ-டைப், ஜெர்மனியின் போர்ஷே 911 ஆகிய இரண்டின் வரலாறும் இதற்குச் சான்று.

இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானது. அதன் வடிவத்தை உருவாக்கிய மால்கம் சேயர், பிரிஸ்டல் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர். உடலின் வளைவுகளைக் கணக்குப் போட்டே முடிவு செய்தவர். 1955 முதல் 1957 வரை லே மான் பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற டி-டைப்பும் அவர் உருவாக்கியதே. பயணிகள் அமரும் பகுதி ஒரே கூடு, எஞ்சினைச் சுமக்க முன்னால் குழாய்ச் சட்டகம் என்ற அமைப்பு அந்தப் பந்தயக் காரிலிருந்தே இ-டைப்புக்கு வந்தது. 3.8 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் என எல்லாமே அன்றைக்கு வியப்பூட்டியவை.

ஆனால் தொடக்க கால வண்டிகளில் தரை தட்டையாக இருந்ததால் உயரமானவர்கள் காலை நீட்ட இடமில்லை. கியரை உரசலின்றி மாற்ற உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. பானட்டைத் திறக்க வெளிப்பக்கப் பூட்டில் தனிச் சாவி போட வேண்டும். தரை 1962இல் தாழ்த்தப்பட்டது, 1964இல் 4.2 லிட்டர் எஞ்சினோடு புதிய கியர்பாக்ஸும் வந்தது. ஓட்டுவதற்கு இந்த 4.2 வண்டியே மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் வெளிப்பூட்டும் தட்டைத் தரையும் கொண்ட 1961 வண்டிக்குத்தான் சேகரிப்பாளர் கூடுதல் விலை தருகிறார். 1971இல் வந்த 12 சிலிண்டர் இ-டைப், இத்தனைக்கும் வலிமை மிக்கது, நெடுங்காலம் அந்த மதிப்பைப் பெறவில்லை.

போர்ஷேயின் கார் 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் 901 என்ற பெயரில் காட்சிக்கு வந்தது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்களுக்குத் தனக்கே உரிமை என்று பிரான்சின் பெஜோ தெரிவித்ததால், 1964இல் அது 911 ஆனது. காற்றால் குளிரும் 2 லிட்டர், 130 குதிரைத்திறன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. எடையின் பெரும்பகுதி பின்னால் குவிந்ததால், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசும்.

இந்த ஒரு குறையோடு நிறுவனம் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. முதலில் முன் பம்பருக்குள் எடைக்கட்டிகளை வைத்தார்கள். 1969 மாடலில் வீல்பேஸை, அதாவது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை, 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். 1972இல் வந்த 210 குதிரைத்திறன் கரேரா ஆர்.எஸ். 2.7 வண்டியின் பின்மூடியில், மேலெழும் விசையைக் குறைக்க வாத்துவால் போன்ற தடுப்பைப் பொருத்தினார்கள். பந்தய விதிக்காக 500 மட்டுமே திட்டமிட்டிருந்த அந்த வண்டியில் 1,580 தயாராயின. திருத்தத்தின் உச்சமான இந்த மாடலையும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்; இ-டைப்பின் கதை இங்கேதான் வேறுபடுகிறது. இருந்தும் 1969க்கு முந்தைய குட்டை வீல்பேஸ் வண்டிகளுக்கென்று தனிப் பற்றாளர் கூட்டம் உண்டு.

போர்ஷே அருங்காட்சியகமே 2014இல், துருவேறிக் கிடந்த 57ஆம் எண் 901ஐ வாங்கியது. அதே காலத்து வேறொரு வண்டியிலிருந்து உடற்பகுதிகளை எடுத்துப் பொருத்தி, மூன்றாண்டு உழைப்புக்குப் பின் 2017 டிசம்பரில் காட்சிக்கு வைத்தது. அதன் வீல்பேஸ், நிறுவனம் 1969 மாடலோடு கைவிட்ட அதே 2,211 மில்லிமீட்டர்.