ஓலைக்கொட்டானிலிருந்து நூல் பலகை வரை

கூட்டமைப்பு மலருக்குத் தையல் குழு சார்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். மிஷினைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். நான் நூலைப் பற்றியும், அதை நம்ம பெண்கள் எப்படிப் பத்திரப்படுத்தினார்கள் என்றும் எழுதுகிறேன். நூலைப் பத்திரமா வைக்கிறது சின்ன விஷயம்தான். ஆனா எங்க கூலியைக் காப்பாத்தினது அதுதான்.

எங்க ஆச்சி காலத்தில் நூலைக் காசு கொடுத்து வாங்குவது குறைவு. பழைய சேலைக் கரையிலிருந்து இழையை உருவி, இரண்டு மூன்றாக முறுக்கிக்கொள்வார்கள். பழஞ்சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, அந்த நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு, பிள்ளைகளுக்கு விரிப்பு தைப்பார்கள். மிச்ச இழையைச் சின்னக் குச்சியில் சுற்றிப் பனையோலைக் கொட்டானில் போட்டு வைப்பார்கள். ஊசியும் அந்த நூலிலேயே குத்தி இருக்கும். விளக்கு வைத்த பிறகு யார் கேட்டாலும் ஊசி கொடுக்க மாட்டார்கள்.

எங்க பக்கத்துக்கும் நூலுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1880-களில் ஆர்வி சகோதரர்கள், தாமிரபரணித் தண்ணீர் விழுகிற வேகத்தைக்கொண்டு பாபநாசத்தில் நூற்பாலை ஓட்டினார்கள். தூத்துக்குடி கோரல் மில்லும் மதுரை மதுரா மில்லும் அவர்களுடையதுதான். 1908 பிப்ரவரி 27-ம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கேட்டது கிடைத்தது. பிறகு 1974-ல் மதுரா மில்லும் கோட்ஸ் கம்பெனியும் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது.

கோட்ஸ் கம்பெனிக்குச் சொந்த ஊர் ஸ்காட்லாந்தில் உள்ள பெய்ஸ்லி. அதே ஊரில் கிளார்க் குடும்பம் என்று இன்னொரு நூல்காரர்கள் இருந்தார்கள். 1806-ல் நெப்போலியன் வியாபாரத்தை அடைத்ததால் அங்கே பட்டு வரத்து குறைந்துபோனது. அந்தச் சமயத்தில் கிளார்க் குடும்பம் பட்டுக்குப் பதிலாகப் பருத்தியிலேயே வழவழப்பான முறுக்குநூல் செய்தது. முதலில் சிட்டமாக விற்றார்கள். அப்புறம் மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்து, கட்டைக்கு அரை பென்னி கூட வாங்கினார்களாம். காலிக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பி வரும். நம்ம ஊர் சோடா பாட்டில் மாதிரிதான்!

எங்க அம்மா காலத்தில் நூல் பிஸ்கட் டப்பாவுக்குப் போனது. பட்டன், கொக்கி, நூல் எல்லாம் ஒண்ணாக் கிடக்கும். ஒரு கலரைத் தேடி எடுத்தால் நாலு கலர் சிக்கலோடு கூட வரும்.

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள், 1997-98-க்குப் பிறகு மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவின. அந்த வழியில் வந்ததுதான் எங்க குழுவும். நாங்கள் முதலில் ஒரு வியாபாரிக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தோம். துணியும் நூலும் அவர் தருவார். "நூல் அதிகமா ஓடிருச்சு" என்று வாராவாரம் கூலியில் பிடிப்பார். எவ்வளவு ஓடியது என்று கேட்டால் பதில் கிடையாது.

ஒரு கூட்டத்தில் மூத்த அக்கா ஒருத்தர், "கூலியை எழுதுறோம், சேமிப்பை எழுதுறோம், நூலை மட்டும் ஏன் எழுதல?" என்று கேட்டார். அன்றே தீர்மான நோட்டில் ஏற்றினோம். ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை அடுக்கினோம். எந்தக் கோன் எந்தத் தேதியில் எடுத்தது, எத்தனை பாவாடைக்கு ஓடியது என்று மூன்று மாதம் எழுதினோம். கூட்டிப் பார்த்தால், பிடித்த காசுக்குக் கடையில் அந்த நூலை வாங்கி மிச்சமும் வைக்கலாம்! நோட்டோடு ஏழு பேரும் போய் நின்றோம். அந்த வாரத்தோடு பிடித்தம் நின்றது. இப்போது நூலை நாங்களே வாங்குகிறோம்.

புதிதாகச் சேரும் தங்கச்சிகளுக்குச் சில குறிப்புகள்:

நூலை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீங்க, சாயம் வெளுக்கும். பருத்தி நூலுக்கு ஈரமும் ஆகாது. அதனால் மழைக்காலத்தில் பலகையைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டால் நாளாவட்டத்தில் உருகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். எம்பிராய்டரி நூலை அட்டையில் சுற்றி, அதன் கலர் நம்பரையும் அதிலேயே எழுதுங்க. நம்பர் இருந்தால்தான் கடையில் அதே கலர் கிடைக்கும். பாபினை அதன் கோனோடு சேர்த்து வையுங்க. பழைய நூலைத் தைக்கும் முன் ஒரு முழம் இழுத்துப் பாருங்க. பட்டென்று அறுந்தால் அது தையலுக்கு ஆகாது.

நூல் நோட்டை மட்டும் ஒரு நாளும் நிறுத்திவிடாதீங்க. எட்டாவது நோட்டு இப்போது ஓடுகிறது. பழைய ஏழும் குழுப் பெட்டியில் தீர்மான நோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.